ஏரி நிறைந்த பிறகு தண்ணீர் எந்த வழியாகப் போகும்? கலங்கல், போக்குக்கால் பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தென்புறநகரில் ஓர் ஏரிக்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் வீடு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மழை விட்ட மூன்றாம் நாள் நாலைந்து பேர் சேர்ந்து, ஏரியின் உபரி வழியும் கலங்கலிலிருந்து, அதைக் கொண்டுபோகும் ஓடையான போக்குக்கால் வழியே நடந்தோம். கொஞ்ச தூரத்திலேயே காரணம் தெரிந்துவிட்டது. சாலைக்கு அடியில் போகும் இரண்டு குழாய்களின் வாயில் ஒரு பழைய மெத்தை, தெர்மாகோல், ஆகாயத்தாமரை எல்லாம் சுருண்டு அடைத்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன் அந்த வழியில் நடக்கிறோம். அப்படி நடக்கும்போது அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்விகளும், எங்களுக்குத் தெரிந்த பதில்களும் இவை.

எங்கள் ஏரியைப் போன வருடம்தான் தூர்வாரினார்கள். அப்புறமும் தெருவில் தண்ணீர் நின்றதே, ஏன்?

இதுதான் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. தூர்வாரினால் ஏரியின் கொள்ளளவு கூடும். கோடையில் கிணறுகளுக்கும் போர்வெல்களுக்கும் அது நல்லது. ஆனால் வெள்ளம் வருவது பெரும்பாலும் ஏரி ஏற்கெனவே நிறைந்திருக்கும் நேரத்தில்தான். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிவிடுகிறது. கார்த்திகையில் ஒரே நாளில் கொட்டும் மழைக்கு உள்ளே இடம் இருக்காது. வருகிற தண்ணீர் அத்தனையும் அப்படியே வெளியேறியாக வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போடலாம். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர். ஏரிக்கு 100 ஏக்கர் நீர்ப்பிடிப்பு என்று வைத்துக்கொண்டால் 40 லட்சம் லிட்டர். 2015-ல் அந்த ஒரே நாளில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. அந்தக் கணக்கில் வெறும் 100 ஏக்கரிலிருந்து 20 கோடி லிட்டர். முன்பு வயலும் காடுமாக இருந்தபோது ஒரு பங்கு மண்ணில் இறங்கியது. இப்போது மொட்டைமாடியும் சிமென்ட் சாலையும்தான், விழுந்தது எல்லாம் ஓடி வருகிறது.

ஏரியில் இரண்டு அடி வண்டலை எடுத்துவிட்டுக் கலங்கலையும் போக்குக்காலையும் விட்டுவிட்டால், முதல் மழையில் அந்த இரண்டு அடி நிரம்பும். அதற்கு மேல் பழைய கதைதான். எங்களிடம் கேட்டால், பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் தண்ணீர் வெளியேறும் வழியைச் சரி செய்யச் சொல்வோம். தூர்வாருவது அதற்கு அடுத்து.

கலங்கல், மதகு, போக்குக்கால்: இவை வேறு வேறா?

ஆமாம். குழப்பிக்கொள்வதால் புகார் மனுவே தவறான இடத்துக்குப் போய்விடுகிறது.

மதகு என்பது கரைக்கு அடியில் பாசனத்துக்காகத் தண்ணீர் விடும் வழி. ஊருக்கு ஊர் மடை, தூம்பு என்றும் சொல்வார்கள். கலங்கல் என்பது கரையின் ஓர் ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாக, கல்லால் கட்டிய மேடை. ஏரி முழு மட்டத்தைத் தொட்டதும் உபரி அதன் மேல் தானாக வழியும். யாரும் திறக்க வேண்டியதில்லை. வட மாவட்டங்களில் இதைத்தான் ‘ஏரி கோடி போகுது’ என்கிறார்கள், தெற்கே ‘மறுகால் பாயுது’ என்பார்கள். அப்படி வழிந்த தண்ணீரை அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோகும் ஓடைதான் போக்குக்கால். அதுவே அடுத்த ஏரிக்கு வரத்துக்கால்.

புறநகர்களில் ஆயக்கட்டு வயல்கள், அதாவது ஏரித் தண்ணீரில் பாசனம் பெற்ற வயல்கள், மனைகளாகிவிட்டதால் பல மதகுகள் யாரோ ஒருவரின் காம்பவுண்டுக்குள் முடிகின்றன. மதகைத் திறந்து வெள்ளத்தைச் சமாளித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மதகின் கண் சிறியது. அதன் வழியாக ஏரியின் மட்டத்தைக் குறைக்கப் பல நாள்கள் ஆகும். மழை வருவதற்கு முன்னால் நிதானமாகக் குறைக்க உதவும், மழை கொட்டும் இரவில் உதவாது.

கலங்கலில் ஓரமாகக் கொஞ்சம் மண்ணும் கட்டட இடிபாடும் கிடக்கின்றன. அதனால் என்ன ஆகிவிடும்?

10 மீட்டர் நீளமுள்ள கலங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால், நொடிக்கு ஏறக்குறைய 2,800 லிட்டர் வெளியேறும். அந்த நீளத்தில் பாதியை மண் மூடிவிட்டது என்றால், அதே 2,800 லிட்டர் வெளியேறத் தண்ணீர் ஏறக்குறைய 48 செ.மீ. உயரம் ஏற வேண்டும். கூடுதலாக ஏறும் அந்த 18 செ.மீ. கலங்கல் பக்கம் மட்டும் ஏறுவதில்லை. ஏரி முழுக்க ஏறுகிறது. உள்வாயில், அதாவது கரைக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் ஏறி நிற்கும் மேட்டுப்பகுதியில், வீடு கட்டியிருப்பவர்களின் வாசலுக்கு வந்துவிடுகிறது. கரை தாழ்ந்திருக்கும் இடத்தில் மேலேறிப் பாய்ந்தால் மண்கரை சில மணி நேரத்துக்குள் அரித்துக்கொண்டு போய்விடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மீன் குத்தகை எடுத்தவர்கள் மீன் வெளியேறாமல் இருக்கக் கலங்கலில் வலையோ மூங்கில் தட்டியோ கட்டுவார்கள். பார்த்தால் தண்ணீர் போகத்தான் செய்யும். ஆனால் ஒரு கூடை ஆகாயத்தாமரையும் நாலு பிளாஸ்டிக் பையும் வந்து ஒட்டினால் அது சுவர். குத்தகைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் அது பிழைப்பு. பெரிய மழை என்று எச்சரிக்கை வந்தால் தட்டியை எடுத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏரியில் பேச்சிலேயே இது முடிந்தது.

கலங்கலை அரை அடி உயர்த்தினால் கோடைக்குக் கூடுதல் தண்ணீர் கிடைக்குமே?

ஆசை புரிகிறது. 100 ஏக்கர் ஏரியில் 15 செ.மீ. கூடுதலாகத் தேக்கினால் 6 கோடி லிட்டர். பழைய கலங்கல்களில் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களின் இடைவெளியில் புல்லும் மண்ணும் வைத்து அடைத்துக் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டிக்கொள்வது பழைய வழக்கம். பெருமழை வந்தால் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்குவதற்கு ஆள் இருந்தது, அது அவர்களுடைய வேலையாகவும் இருந்தது.

இன்று சிமென்ட் போட்டு உயர்த்தினால் அதைப் பிடுங்க முடியாது. கரையின் உயரம் பழைய அளவுக்குத்தானே இருக்கிறது? கலங்கலுக்கும் கரையின் தலைக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளி வெள்ளத்துக்கான இடம். அதில் அரை அடியைத் தின்றுவிட்டுப் பிறகு மழையைக் குறை சொல்ல முடியாது. உயர்த்துவதாக இருந்தால் நீர்வளத்துறைப் பொறியாளர் கணக்குப் போட்டு, கரையையும் பலப்படுத்தி, உள்வாய் எதுவரை மூழ்கும் என்று பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும்.

போக்குக்கால் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நடந்துதான். வரைபடம் உதவும், ஆனால் கால் போகாத இடத்தில் என்ன இருக்கிறது என்று வரைபடம் சொல்லாது.

முதலில் கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் புல வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். புல வரைபடமும், எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டின் விவரமும் வருவாய்த்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. கலங்கலை ஒட்டிய சர்வே எண்ணில் தொடங்கி, அ-பதிவேட்டில் ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்று எழுதியிருக்கும் எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். பிறகு அந்தக் காகிதத்தோடு நடங்கள். ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்தது. “இங்கதாம்பா ஓடை திரும்பும், இந்தப் புளியமரத்துக்குக் கீழ நாங்க குளிச்சோம்” என்று அவர் காட்டும் இடத்தில் இன்று ஒரு கல்யாண மண்டபம் நிற்கலாம்.

அடுத்த ஏரி வரும் வரை நிறுத்தாதீர்கள். நம் பக்கத்தை எடுத்துக்கொண்டால் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் சங்கிலியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் முடிகின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் ஏரிகளின் உபரி அடையாற்றுக்குப் போகிறது. 2015-ல் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வந்த வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததை மட்டும் காரணமாகப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் சேருவதே திருநீர்மலைப் பக்கம், அதற்குக் கீழேதான்.

நடக்கும்போது மூன்றைக் குறியுங்கள்: ஓடையின் அகலம் எங்கே திடீரென்று குறைகிறது, எங்கே சாலையைக் கடக்கிறது, எங்கே கழிவுநீர் வந்து சேர்கிறது. செல்பேசியில் இடத்தோடு படம் எடுத்து வையுங்கள். அகலம் குறையும் அந்த ஓர் இடம்தான் மேலே உள்ள எல்லாருக்கும் வெள்ளம் கொடுக்கிறது. அதற்கு மேலே எத்தனை அகலம் தோண்டினாலும் பயன் குறைவு.

சாலைக்கு அடியில் குழாய் போட்டிருக்கிறார்களே, போதாதா?

பெரும்பாலும் போதாது. 600 மி.மீ. குழாயையும் 1,200 மி.மீ. குழாயையும் ஒரே சரிவில் பதித்தால், பெரியது இரண்டு மடங்கு தண்ணீர் கொண்டுபோகும் என்று நினைப்போம். உண்மையில் ஆறு மடங்குக்கும் மேல். அதனால் நான்கு சின்னக் குழாய்கள் சேர்ந்தாலும் ஒரு பெரிய குழாய்க்கு ஈடாகாது. போதாததற்குச் சின்னக் குழாயின் வாயை ஒரு தலையணையே அடைத்துவிடும்.

முடிந்த இடத்தில் எல்லாம் குழாய்க்குப் பதில் அகலமான பெட்டிவடிவச் சிறுபாலம் கேளுங்கள். அடிமட்டம் ஓடையின் அடிமட்டத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். சாலையை உயர்த்தும்போது சிறுபாலத்தையும் மேலே தூக்கிக் கட்டிவிட்டால், அதற்கு முன்னால் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும், வண்டல் அங்கேயே படியும். சாலை வேலை நடக்கிறது என்றால் அன்றைக்கே போய்ப் பாருங்கள். கான்கிரீட் காய்ந்த பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

ஓடைக்குக் குறுக்கே போகும் குடிநீர்க் குழாய்களும் கேபிள்களும் இன்னொரு தொல்லை. பாலத்தின் கண்ணுக்குள் குறுக்காக ஒரு குழாய் போனால் அதில் குப்பை மாட்டும். அதை அகற்றப் பல துறைகள் ஒன்றுகூட வேண்டும், அதனால் ஆறு மாதம் முன்பே மனு கொடுங்கள்.

எந்த மாதத்தில் எந்த வேலை?

சித்திரை, வைகாசியில் ஏரி காய்ந்திருக்கும்போது நடந்து பார்த்து மண் அள்ளும் பெரிய வேலைகளை முடிக்க வேண்டும். பொக்லைன் இறங்க அப்போதுதான் தரை தாங்கும். ஆடிக்குள் கலங்கல் கட்டுமானம், சிறுபாலம் பழுது. குப்பையையும் ஆகாயத்தாமரையையும் மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட்டோம் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை நேர இடிமழை சென்னைப் பக்கம் நன்றாகவே பெய்யும். அது தெருக்குப்பை எல்லாவற்றையும் ஓடைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால் கடைசிச் சுத்தம் புரட்டாசி இறுதியில், அதாவது அக்டோபர் இரண்டாம் வாரத்தில். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது.

கலங்கலிலோ ஓடையிலோ ஷட்டர் இருந்தால் செப்டம்பரிலேயே முழுவதும் மேலே ஏற்றி, முழுவதும் கீழே இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். திருகுத் தண்டில் கிரீஸ் இருக்கிறதா, சுற்றும் கைப்பிடி எங்கே இருக்கிறது, இரவு பன்னிரண்டு மணிக்கு அந்தச் சாவி யார் வீட்டில் இருக்கும்? இந்த மூன்றாவது கேள்விக்குப் பெயரும் எண்ணும் கிடைக்கும் வரை விடாதீர்கள். ஒரு வருடம் சாவி இருந்த அலுவலகம் பூட்டிக் கிடந்ததால் நாங்கள் விடியும் வரை காத்திருந்தோம்.

அதன் பிறகு, 10 செ.மீ.க்கு மேல் பெய்த ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் ஒரு நடை. பெரிய வேலை இல்லை, அரை மணி நேரம்.

ஆகாயத்தாமரையை எடுத்துக்கொண்டே இருக்கிறோம், திரும்பத் திரும்ப வருகிறதே?

கழிவுநீர் வரும் வரை வரும். அதற்குத் தேவையான உரத்தை நம் கழிவறைகள் கொடுக்கின்றன. நல்ல சாப்பாடு கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரு மடங்காகிவிடும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எனவே ஓடையில் கலக்கும் கழிவுநீர் இணைப்புகளை நிறுத்தாமல் இதற்கு முடிவு கிடையாது. அது வரை எடுக்கத்தான் வேண்டும், குறிப்பாகக் கலங்கலுக்கு முன்னால் உள்ள பகுதியில்.

எடுத்ததை எங்கே போடுகிறீர்கள் என்பது முக்கியம். ஓடையின் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளும். பல இடங்களில் தூர்வாரிய மண்ணுக்கும் இதே கதிதான். பில் போட்டாகிவிடும், மண் மறுபடியும் ஓடைக்கே வந்துவிடும். கரையைத் தாண்டி வெளியே கொண்டுபோனார்களா என்று பார்த்து, லாரி போகும் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலிக் காட்டாமணக்கும் சம்புப் புல்லும் ஓடையின் ஓட்டத்தைத் தடுக்கும். வெட்டிவிட்டால் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் ஏரியின் உள்ளே ஓரமாக இருக்கும் கோரையையும் சம்பையும் மொட்டையடிக்கச் சொல்லாதீர்கள். நீர்க்கோழியும் தாழைக்கோழியும் அங்கேதான் கூடு வைக்கின்றன. தண்ணீர் போகும் தடம் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும்.

கரையில் மரம் நடலாமா?

நல்ல எண்ணத்தோடு பல அமைப்புகள் கரை நெடுக மரக்கன்று நடுகின்றன. கரையின் வெளிச்சரிவுக்கு அப்பால் நடுங்கள், கரை மேலே பெரிய மரம் வேண்டாம். ஆல், அரசு கலங்கல் கட்டுமானத்தில் முளைத்தால் கன்றாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், கல்லைப் பிளந்துவிடும். கரையில் ஏற்கெனவே நிற்கும் மரத்தை அவசரப்பட்டு வெட்டவும் கூடாது. வெட்டிய மரத்தின் வேர் உள்ளே மக்கிப்போனால், அந்த இடம் தண்ணீருக்குச் சுரங்கம் ஆகும். சீமைக்கருவேலத்தை எடுப்பவர்கள் வேர்க்குழியைத் தோண்டி, களிமண் இட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். கரைக்குப் பழைய காலத்துத் துணை பனை, நாணல், வெட்டிவேர். வெட்டிவேர் மண்ணை இறுகப் பிடிக்கும், கரையை மறைக்காது. கரை கண்ணுக்குத் தெரிந்தால்தான் எலிவளையும் நண்டுவளையும் தெரியும்.

கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசிகிறது. பயப்பட வேண்டுமா?

நிறத்தைப் பாருங்கள். மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிவாக, ஒரே அளவில் இருந்தால் குறித்து வைத்துவிட்டுத் தினமும் கவனிக்கலாம். கலங்கிப்போய், சேறோடு வந்தால் கரையின் உள்மண்ணையே தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அளவு கூடிக்கொண்டே போனாலும், ஓரிடத்தில் மணல் கொப்புளித்துக்கொண்டு ஊற்று வந்தாலும், கரையின் தலையில் நீளவாக்கில் வெடிப்பு விட்டாலும் உடனே தகவல் சொல்ல வேண்டும், கரைக்குக் கீழே குடியிருப்பவர்களையும் எழுப்ப வேண்டும்.

ஊற்றை நேராக மண் போட்டு அடைக்கப் பார்ப்பது பெரிய தவறு. இங்கே அடைத்தால் பக்கத்தில் கிளம்பும். அதைச் சுற்றி மணல்மூட்டைகளைக் கிணறு போல வட்டமாக அடுக்குவார்கள். உள்ளே தண்ணீர் உயர்ந்து எதிரழுத்தம் கொடுக்கும், தெளிந்த தண்ணீர் மட்டும் மேலே வழிந்து போகும். இதைத் தெரிந்தவர் மேற்பார்வையில் செய்யுங்கள். இருட்டில், கொட்டும் மழையில், கரைச் சரிவில் நீங்களாக இறங்காதீர்கள்.

ஏரி உடைந்துவிடும் போல இருந்தால் நாமே கரையை வெட்டிவிடலாமா?

கூடாது. மண்கரையில் மண்வெட்டியால் ஓர் அடி அகலத்துக்கு வெட்டினால் அது ஓர் அடியோடு நிற்காது. தண்ணீர் இரண்டு பக்கமும் அரித்து, நீங்கள் நின்ற இடத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கீழே இருப்பவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் இருக்காது. அது குற்றமும்கூட. கீழ் ஏரி அந்த வேகத்தைத் தாங்காமல் உடைந்தால், அதற்கும் கீழே உள்ளதும் உடையும். 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் அடுத்தடுத்து உடைந்தபோது இதன் கொடுமையைப் பார்த்தோம். காயல்பட்டினத்தில் அந்த ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை.

பொறியாளர்கள் முடிவெடுத்து, கீழே ஆளை அப்புறப்படுத்தி, தேர்ந்த இடத்தில் வழி விடுவது வேறு. உங்கள் வேலை தகவலைச் சீக்கிரம் சேர்ப்பது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913.

தெருவில் புதிதாக மழைநீர் வடிகால் கட்டியிருக்கிறார்கள். இனிமேலும் ஏரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். வடிகால் தண்ணீரை அழித்துவிடுவதில்லை, வேறிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நம் பகுதியில் அந்த வேறிடம் பெரும்பாலும் ஏரியோ அதன் போக்குக்காலோதான். முன்பு நாலு மணி நேரத்தில் மெதுவாக வந்த தண்ணீர், வடிகால் வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் வந்து விழுகிறது. கீழே ஓடை அகலப்படாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். ஓடையில் மட்டம் உயர்ந்துவிட்டால் வடிகாலில் தண்ணீர் பின்னோக்கித் தெருவுக்கே வரும். 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்றதை மறக்க முடியுமா?

எங்கள் மனை ஓடைப் புறம்போக்கில் இருக்கிறது என்கிறார்கள். வாங்கும்போது யாரும் சொல்லவில்லையே?

இதற்கு லேசான பதில் எங்களிடம் இல்லை. நீர்வளத்துறையின் ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளந்து, எல்லை காட்டி, நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். உங்கள் மனையின் நிலையை அ-பதிவேட்டில் நீங்களே பாருங்கள், சர்வேயரை வைத்து அளக்க விண்ணப்பியுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வருடக்கணக்கில் பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றம் என்றால் முதலில் கண்ணுக்குப் படுவது குடிசைகள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடும்பங்களைத் தூக்கிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலையும் பள்ளியும் பல கிலோமீட்டர் தள்ளிப்போயின. அதே ஓடையை மடக்கி எழும்பிய உயரமான மதில்கள் பல இடங்களில் இன்னும் நிற்கின்றன. நாங்கள் மனு கொடுக்கும்போது ஓடையின் முழு நீளத்துக்கும் அளவு கேட்கிறோம். யார் வீடு என்று பார்த்து அளப்பதற்கு நாங்கள் உடன்படுவதில்லை.

நம் தண்ணீரைக் கீழ் ஊருக்குத் தள்ளிவிடுவதாகக் கோபப்படுகிறார்களே?

அவர்கள் கோபம் நியாயமானது. மேலே மட்டும் ஓடையை அகலப்படுத்தினால் கீழே வேகமாகப் போய் விழும். அதனால் வேலையைக் கீழிருந்து தொடங்குவதுதான் முறை: முதலில் கீழ் ஏரியின் கலங்கல், பிறகு அதற்கு மேலே உள்ள ஓடை, பிறகு நம் ஏரி. கீழ் ஏரிக்காரர்களின் எண் உங்களிடம் இருக்கட்டும். நம் ஏரி கோடி போகத் தொடங்கியதும் அவர்களுக்கு ஒரு போன். எங்களுக்கும் மேல் ஏரியிலிருந்து அப்படி ஒரு போன் வருகிறது. அது எங்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கொடுக்கிறது. பைக்கை மேட்டில் நிறுத்தவும், பாட்டியை மாடிக்கு ஏற்றவும் அந்த நேரம் போதுமானது.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை இல்லையா? நாம் ஏன்?

அரசாங்கத்தின் வேலைதான். 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர் ஆயக்கட்டுக்கு மேற்பட்ட ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையிடம், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமோ நகர உள்ளாட்சியிடமோ இருக்கும். உங்கள் ஏரி யாருடையது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிக்கொண்டே இருப்பார்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், 1100 என்ற முதல்வரின் உதவி எண், ஊராட்சியாக இருந்தால் கிராமசபை. மே 1 கிராமசபையில் தீர்மானம் போட்டால் மழைக்கு முன் வேலை நடக்க நேரம் இருக்கும். அக்டோபர் 2-ல் போட்டால் தாமதம்.

ஆனால் தினமும் கண்ணில் படுவது நமக்குத்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தகச் சோழன் காலத்திலேயே, கி.பி. 921-ல், குடவோலை எடுத்து ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்த விவரம் இருக்கிறது. தெற்கே நீர்க்கட்டி, மடைக்குடும்பர் என்று தண்ணீருக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமருக்குக் கோயிலே இருக்கிறது. கரையைப் பார்த்துக்கொள்ள அன்று ஆள் இருந்தது. இன்று அந்த ஆறு பேர் நம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து வரலாம். பொக்லைன் நாம் ஓட்ட வேண்டாம், அனுமதி இல்லாமல் ஓட்டவும் கூடாது. வண்டல் எடுப்பதற்கும் அனுமதி வேண்டும்.

மழைக்காலம் முடிந்துவிட்டது. இனி அடுத்த வருடம்தானே?

தண்ணீர் வடிந்த அந்த வாரத்தை விட்டுவிடாதீர்கள். சுவர்களில் வெள்ளம் நின்ற கோடு அப்போதுதான் தெளிவாக இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டால் போயிற்று. ஒவ்வொரு தெருவிலும் ஒரு மின்கம்பத்திலோ சுவரிலோ பெயின்டால் மட்டத்தைக் குறித்து, தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். சிறுபாலங்களில் தண்ணீர் வரும் பக்கம் எவ்வளவு உயரம், போகும் பக்கம் எவ்வளவு உயரம் நின்றது என்று அளந்து வையுங்கள். இரண்டுக்கும் ஓர் அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பாலம்தான் அடைப்பு. மே மாதம் பொறியாளரிடம் போகும்போது எங்கள் கையில் இருப்பது இந்த ஒரு பக்கக் குறிப்புதான். போன முறை அதைப் பார்த்துவிட்டு அவர் எங்களோடு ஓடையில் இறங்கி நடந்தார்.